நியூகேட் சிறைக்குள் நுழைந்த சீமாட்டி
பெண் கைதிகளின் மானம் காத்த எலிசபெத் பிரை

1813-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். லண்டன் நகரில் கடுங்குளிர்.

நியூகேட் சிறைச்சாலையின் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 32. ஆடம்பரம் இல்லாத உடை. தலையில் வெள்ளைக் குல்லாய். பார்த்தால் எளியவர். ஆனால் அவர் ஒரு பாங்கி முதலாளியின் மனைவி.

பெண் கைதிகளைப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

சிறை அதிகாரி திகைத்துப் போனார். அந்தப் பகுதிக்குள் போக அவரே அஞ்சுவார். பிடிவாதமாகப் போவதென்றால் கடிகாரத்தையாவது கழற்றி வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார். உள்ளே இருப்பவர்கள் பறித்துக் கொள்வார்களாம்!

அம்மையார் கடிகாரத்தைக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே நுழைந்தார்.

அவர்தான் எலிசபெத் பிரை.

உள்ளே கண்ட காட்சி

உள்ளே ஏறக்குறைய 300 பெண்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். கூடவே அவர்களுடைய குழந்தைகள். இத்தனை பேருக்கும் இருந்த இடம் இரண்டு வார்டுகளும் இரண்டு சிறு அறைகளும்தான்.

படுக்கை இல்லை. வெறுந்தரையில் படுத்தார்கள். படுத்த இடத்திலேயே சமைத்தார்கள். அங்கேயே துணி துவைத்தார்கள். விசாரணை முடியாதவளும், தூக்குத் தண்டனை பெற்றவளும் ஒரே இடத்தில் கிடந்தார்கள்.

ஒரு மூலையில் ஒரு குழந்தை இறந்து கிடந்தது. அதன் உடம்பில் இருந்த துணியை இரண்டு பெண்கள் உருவிக் கொண்டிருந்தார்கள். எதற்கு? குளிரில் நடுங்கும் வேறொரு குழந்தைக்குப் போடுவதற்கு!

எலிசபெத்தின் கண்கள் கலங்கின. வீட்டுக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கம்பளித் துணிகள் தைத்துக் கொண்டு வந்து கொடுத்தார்.

செல்வத்தில் பிறந்தவர்

எலிசபெத் 1780-ம் ஆண்டு மே மாதம் 21-ந்தேதி இங்கிலாந்தில் உள்ள நார்விச் நகரில் பிறந்தார். தந்தை ஜான் கர்னி பெரும் பணக்காரர். வீடு நிறையப் பிள்ளைகள். எலிசபெத்துக்கு 12 வயதானபோது தாய் இறந்துவிட்டார்.

அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரம் கூடாது, எல்லா மனிதர்களும் சமம் என்பது அவர்களுடைய கொள்கை. இளம் வயதில் எலிசபெத் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஊதா நிறப் பூட்சில் சிவப்பு நாடா கட்டிக் கொண்டு தொழுகைக்குப் போனவர் அவர்!

1798-ல் வில்லியம் சேவரி என்ற அமெரிக்கப் போதகர் நார்விச்சுக்கு வந்து பேசினார். அந்தப் பேச்சு எலிசபெத்தின் மனத்தை மாற்றியது. நகை, நடனம் எல்லாவற்றையும் விட்டார். ஏழைக் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1800-ல் ஜோசப் பிரை என்பவரை மணந்து லண்டனுக்கு வந்தார். அவருக்கு மொத்தம் 11 குழந்தைகள். பிள்ளைப்பேறும், குடும்பக் கவலையும், பெற்ற மகள் ஒருத்தியின் மரணமும் சேர்ந்து சில ஆண்டுகள் அவரை வீட்டில் நிறுத்திவிட்டன. 1816-ம் ஆண்டின் கடைசியில்தான் மறுபடி நியூகேட்டுக்கு வந்தார்.

சாவி யார் கையில்?

அந்தக் காலத்துச் சிறைகள் எப்படி நடந்தன என்பதைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பல சிறைகளில் ஜெயிலருக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது. கைதிகளிடம் கட்டணம் வாங்கித்தான் அவர் பிழைத்தார். உள்ளே வர ஒரு கட்டணம், படுக்கைக்கு ஒரு கட்டணம். குற்றமற்றவர் என்று கோர்ட்டு விடுதலை செய்தாலும், கட்டணம் கட்டாதவர் வெளியே போக முடியாது! ஜான் ஹோவர்டு என்ற நல்ல மனிதர் ஊர் ஊராகப் போய் இதைப் பார்த்து 1777-ல் புத்தகமாக எழுதினார். ஆணும் பெண்ணும் பகலில் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்த சிறைகளையும் அவர் கண்டார்.

1815-ல் இந்தக் கட்டணத்தைச் சட்டம் ஒழித்தது. ஆனால் பெண் கைதிகளைக் காப்பவர்கள் இன்னும் ஆண்களே.

யோசித்துப் பாருங்கள். கதவின் சாவி ஓர் ஆணின் கையில். ரொட்டியும் தண்ணீரும் அவன் கையில். உள்ளே இருப்பவளோ நாதியற்றவள். அவளுடைய மானத்துக்குக் கேடு வந்தால் யாரிடம் முறையிடுவது? முறையிட வேண்டுமானாலும் அந்தச் சாவிக்காரனிடம்தான் முறையிட வேண்டும்!

எலிசபெத் இதை நன்றாகப் புரிந்து கொண்டார். பெண்களைப் பெண்களே காக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

கைதிகள் கை தூக்கினார்கள்

முதலில் அவர் குழந்தைகளைப் பற்றித்தான் பேசினார். இந்தப் பிள்ளைகளுக்குச் சிறைக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் வைத்தால் என்ன என்று தாய்மார்களைக் கேட்டார். தாய்மார்கள் அழுதே விட்டார்கள். ஆசிரியையையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். மேரி கானர் என்ற கைதிதான் அந்த ஆசிரியை. ஒரு கடிகாரத்தைத் திருடிய குற்றத்துக்காகச் சிறைக்கு வந்தவர் அவர்!

1817 ஏப்ரலில் எலிசபெத் ஒரு மாதர் சங்கம் தொடங்கினார். பெண் கைதிகளுக்குத் தையலும் பின்னலும் கற்றுக் கொடுத்தார்கள். சூதாட்டம் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பிச்சை கேட்கக் கூடாது என்று விதிகள் எழுதினார்கள். ஆனால் அவற்றைக் கைதிகள் மேல் திணிக்கவில்லை. ஒவ்வொரு விதியையும் படித்துக் காட்டி, சம்மதமா என்று கேட்டார்கள். கைதிகள் கை தூக்கிச் சம்மதம் தெரிவித்தார்கள்.

பகலும் இரவும் கூட இருக்க ஒரு பெண் அதிகாரி வேண்டும் அல்லவா? ஒரு மேட்ரனை நியமித்தார்கள். அவருடைய சம்பளத்தை முதலில் சங்கத்தாரே கொடுத்தார்கள். பிறகு லண்டன் மேயர் வந்து பார்த்தார். நரகம் போல் இருந்த இடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக் கொண்டிருந்தார்கள். நகரசபை அந்த விதிகளை ஏற்றுக் கொண்டது. மேட்ரன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கவும் ஒப்புக் கொண்டது.

தொகை சிறியதுதான். ஆனால் பெண் கைதியின் பாதுகாப்புக்காகப் பொதுப் பணம் புறப்பட்டுவிட்டது!

பார்லிமெண்டில் சாட்சி

1818 பிப்ரவரி 27-ந்தேதி பார்லிமெண்டுக் கமிட்டி எலிசபெத்தை அழைத்து விசாரித்தது. பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலம் அது. ஒரு பெண்ணைச் சாட்சியாகக் கூப்பிட்டது பெரிய புதுமை.

அவர் பயப்படவில்லை. பெண்களுக்குத் தனிச் சிறை வேண்டும், காவலரும் பெண்களாகவே இருக்க வேண்டும், செய்ய வேலையும் அதற்குக் கூலியும் வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அந்தச் சிறிது காலத்துக்குள் நியூகேட் பெண்கள் ஏறக்குறைய 20,000 உருப்படிகள் தைத்திருந்தார்கள் என்று கணக்கும் காட்டினார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1823-ல், உள்நாட்டு மந்திரி ராபர்ட் பீல் புதிய சிறைச் சட்டம் கொண்டு வந்தார். பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்தான் இருக்க வேண்டும், பெண் அதிகாரி உடன் வராமல் ஆண் அதிகாரி பெண்கள் பகுதிக்குள் நுழையக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. ஜெயிலர்களுக்குச் சம்பளம் பொதுப் பணத்திலிருந்து வழங்கப்பட வேண்டும் என்றும் விதித்தது.

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. சின்ன ஊர்ச் சிறைகள் பல அதற்குள் வரவில்லை. சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர்களும் இல்லை. அவர்கள் நியமிக்கப்பட 1835 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்த பிறகு?

சிறைக்குள் மானத்தைக் காத்தால் மட்டும் போதுமா? கதவு திறந்து வெளியே விட்ட பிறகு அந்தப் பெண் எங்கே போவாள்?

அந்நாளில் பல பெண்களைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். திறந்த வண்டிகளில் ஏற்றித் தெரு வழியாகக் கொண்டு போவார்கள். கூட்டம் சேற்றை வாரி வீசும். எலிசபெத் சொல்லி, மூடிய வண்டிகள் ஏற்பாடாயின. அவரும் வண்டிகளுடன் துறைமுகம் வரை போனார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுத்தார். அதில் ஊசி, நூல், கத்திரிக்கோல், ஒட்டுத் துணிகள். கப்பலில் போர்வை தைத்தால் கரையிறங்கி விற்கலாம். கையில் நாலு காசு இருக்கும். இப்படி 100-க்கும் மேற்பட்ட கப்பல்களை அவர் போய்ப் பார்த்தார். அவற்றில் போன பெண்கள் ஏறக்குறைய 12,000 பேர்.

கரை சேர்ந்தவர்களின் கதி என்ன? ஆஸ்திரேலியாவில் இருந்த சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் 1819-ல் எலிசபெத்துக்குக் கடிதம் எழுதினார். பரமட்டா என்ற ஊரில் பெண் கைதிகளுக்குத் தங்க இடம் போதவில்லை. இடம் கிடைக்காதவர்கள் தங்குமிடத்துக்குத் தாங்களே வழி தேட வேண்டும். அதற்காகக் கெட்ட வாழ்க்கையில் விழுகிறார்கள் என்பது கடிதத்தின் சாரம். ராத்திரி படுக்க ஒரு கூரை இல்லாததால் ஒரு பெண்ணின் வாழ்வு கெடுகிறது!

எலிசபெத் இதை அதிகாரிகளின் காதில் போட்டார். பரமட்டாவில் எழும்பிக் கொண்டிருந்த புதிய கட்டிடம் 1821-ல் திறக்கப்பட்டது. அங்கே சுமார் 300 பெண்களுக்கு இடம் கிடைத்தது. லண்டனிலும், விடுதலையான பெண்கள் தங்கி வேலை தேடிக் கொள்ளப் புகலிடம் ஏற்பட அவர் தூண்டுகோலாக இருந்தார்.

வந்தது சோதனை

புகழோடு ஏச்சும் வந்தது. பெற்ற பிள்ளைகளைக் கவனிக்காமல் திருடிகளைக் கவனிக்கிறாள் என்று பலர் பேசினார்கள். எலிசபெத்துக்கே அந்தக் கவலை உண்டு.

1828-ல் பேரிடி விழுந்தது. கணவரின் பாங்கி முறிந்தது. கணவரைக் குவேக்கர் சங்கம் விலக்கி வைத்தது. பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். பாங்கிப் பணத்தை அம்மையார் தர்மத்துக்கு எடுத்துவிட்டார் என்று வதந்தி வேறு!

சகோதரர்கள் கை கொடுத்தார்கள். அவர் சிறைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் முன்போல் அள்ளிக் கொடுக்கக் கையில் பணம் இல்லை.

இங்கேதான் 1823 சட்டத்தின் அருமை தெரிகிறது. பெண் காவலரின் சம்பளம் எலிசபெத்தின் பணப்பையை மட்டும் நம்பி இருந்திருந்தால், பாங்கியோடு அதுவும் போயிருக்கும். சட்டமாகிவிட்டதால் நிலைத்தது. தனவந்தர் கை ஓய்ந்தால் தர்மமும் ஓய்ந்துவிடும். சர்க்காரின் பொறுப்பு அப்படி ஓயக் கூடாது.

மறைவும் நினைவும்

1845 அக்டோபர் 12-ந்தேதி எலிசபெத் பிரை ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அவர் நினைவாக நன்கொடை திரட்டினார்கள். 1849-ல் லண்டன் ஹாக்னி பகுதியில், சிறையிலிருந்து வரும் பெண்களுக்கு அவர் பெயரால் ஒரு புகலிடம் திறக்கப்பட்டது.

அவர் எழுப்பிய கேள்வி பிற்காலத்திலும் தொடர்ந்தது. அமெரிக்காவில் 2003-ல் சிறைகளில் பாலியல் வன்கொடுமையை ஒழிக்க ஒரு சட்டம் நிறைவேறியது. ஆண், பெண் இரு பாலாரையும் காக்கும் சட்டம் அது. அதற்காக மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கவும் வகை செய்யப்பட்டது. 2012-ல் விதிகள் வந்தன. வெளியார் வந்து தணிக்கை செய்ய வேண்டும், கைதி தன் புகாரைச் சிறைக்கு வெளியே உள்ளவரிடமும் சொல்ல வழி வேண்டும் என்று அவை கூறின. சாவிக்காரனிடமே முறையிடும் அவலத்துக்கு அது ஒரு மருந்து. விடுதலையாகி வருபவர்களுக்கு வேலையும் வீடும் கிடைக்க உதவும் மானியத்துக்கு 2008-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

கடைசியாக ஒரு செய்தி.

1818-ல் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பாங்க் ஆப் இங்கிலாந்தின் கள்ள நோட்டை மாற்றியது அவள் குற்றம். அவளுக்காக எலிசபெத் மந்திரி வரை போய் மன்றாடினார். பலிக்கவில்லை. ஹாரியட் தூக்கிலிடப்பட்டாள்.

2002-ல் அதே பாங்க் ஆப் இங்கிலாந்து புதிய 5 பவுன் நோட்டை வெளியிட்டது. 2017 வரை அந்த நோட்டு புழங்கியது. அதில் எலிசபெத் பிரையின் படம் இருந்தது. நியூகேட் பெண்களுக்கு அவர் புத்தகம் படித்துக் காட்டும் காட்சியும் இருந்தது.