ஆளோலை எழுதிய அடிகள்

பணிவு என்னுஞ் சொல்லை நாம் எளிதாக வழங்குகின்றோம். மேலோர் ஏவியதைச் செய்தலும் நேர்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுதலும் பணிவெனவே பேசப்படுகின்றன. ஆயின், இறைவன் திருவுளத்துக்குப் பணிதல் அவ்வளவு எளிதன்று. அத்திருவுளம் யாதென அறிதல் முதலாவது இடர். அறிந்தபின் அதன்வழி நடத்தல் இரண்டாவது இடர். நடந்து முடிந்தபின் நான் செய்தேன் என்னுஞ் செருக்குத் தலையெடாமற் காத்தல் மூன்றாவது இடர். இம்மூன்றையுங் கடந்த கிறிஸ்தவப் பெரியார் ஒருவர் நம் ஈழமண்ணில் வெறுங்காலுடன் நடந்து திரிந்தார். அவரே யோசேவ்வாஸ் அடிகள்.

அடிகள் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி கோவா நாட்டிலே பெனவ்லிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணி மொழி பேசும் பிராமண மரபிலிருந்து கிறிஸ்து மதத்தைத் தழுவிய குடும்பம் அவருடையது. 1676 இற் குருத்துவம் பெற்றார். மறு ஆண்டில் அவர் செய்த செயலொன்று கருதத்தக்கது. தம்மைத் தேவமாதாவுக்கு என்றும் மீளா அடிமையாக ஒப்புக்கொடுத்துத் தம் கையாலேயே ஓர் ஓலை எழுதி வைத்தார். சுந்தரமூர்த்தி நாயனாரை ஆட்கொள்ளவந்த முதியவர் பழைய ஆளோலையொன்றைக் காட்டி வழக்காடிய கதை நாமெல்லாம் அறிந்ததே. அங்கே ஆண்டான் ஓலை கொண்டுவந்தான். இங்கே அடியான் தானே ஓலை எழுதினான். அடிமைக்குத் தன் விருப்பென ஒன்றில்லை. ஓலையில் எழுதியது மெய்யென்பதைக் காலம் விரைவிலே சோதித்தது.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க குருமார் அனைவரும் துரத்தப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு இடங்கொடுப்போர் கொலைத்தண்டனைக்கு உள்ளாவர் என்று சட்டம் பிறந்தது. கோயில்கள் புரட்டஸ்தாந்தர் கைக்கு மாறின. பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி மக்கள் ஒரு தலைமுறைக்காலம் வாடினர். இந்நிலையைக் கேள்வியுற்ற அடிகளின் உள்ளம் இலங்கையை நாடியது. செல்ல விடைகேட்டார். மேலோரோ 1681 இல் அவரைக் கன்னட நாட்டுத் திருச்சபைக்குத் தலைவராக அனுப்பினர். குருமாரிடையே அதிகாரப் பிணக்கு முற்றிக்கிடந்த இடம் அது.

தாம் விரும்பியது புனிதமான பணியே. அதனைத் தடுத்ததும் திருச்சபையே. முணுமுணுக்க நல்ல காரணம் இருந்தது. அடிகள் முணுமுணுத்தாரல்லர். மூன்றாண்டு கன்னட நாட்டிலே பிணக்கைத் தணித்தும் சிதறியோரைத் திரட்டியும் உழைத்துவிட்டு மீண்டார். 1685 இற் கோவாவிலே அமைந்திருந்த சிறு குருமார் கூட்டமொன்றிற் சேர்ந்தார். புனித பிலிப்பு நேரியார் வகுத்த நெறியைப் பின்பற்றிய கூட்டம் அது. அந்நெறியார் துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. அன்பொன்றே அவர்களைப் பிணிப்பது. கட்டாயமில்லாத இடத்திலும் பணிந்து வாழ அடிகள் பழகியது இங்கேதான். நம் விருப்பம் நல்லதாயிருப்பது மாத்திரம் அது இறைவன் விருப்பமாதற்குப் போதாது என்பதை அவர் காத்திருந்தே கற்றார்.

1686 இல் விடை கிடைத்தது. யோவான் என்னும் உண்மை ஊழியன் ஒருவனுடன் புறப்பட்டார். தமிழைக் கற்றார். தூத்துக்குடியிலே குருவுடையைக் களைந்து கூலியாளின் கந்தையை உடுத்தார். 1687 இல் தோணியேறிப் புயலில் அலைப்புண்டு, மன்னார்க் கரையை அடைந்து, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடன் வயிற்றுக்கடுப்பு நோயால் விழுந்தார். இரக்கமுள்ள பெண்ணொருத்தி வார்த்த கஞ்சியே அவரை உயிர்பிழைப்பித்தது என்பர். நோய் தீர்ந்ததும் செபமாலையைக் கழுத்திலணிந்து வாயில்தோறும் பிச்சை ஏற்றார். செபமாலையைக் கண்டு எவர் கண் கலங்கிற்றோ அவரே தம்மவர் என அறிந்தார். உயர்குடிப் பிறப்பைப் பெரிதெனப் போற்றும் நாட்டிலே அப்பிறப்புடையார் ஒருவர் இரந்து நின்ற காட்சி நம் சிந்தனைக்கு உரியது.

சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்தும் இரவிற் பூசை செய்தும் திரிந்தார். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்தப் படைவீரர் பாய்ந்து, பூசைக்குக் கூடியிருந்தோரைப் பிடித்தனர். அடிகள் தப்பினார், அவரைக் காத்த மக்கள் கொடிய தண்டனை அடைந்தனர். திருவுளத்துக்குப் பணிந்தவரின் பாரத்தைப் பெயர் அறியா ஏழையரும் உடன்சுமந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கே ஒரு வினா எழும். அரசாணையை மீறியவரைப் பணிவுடையார் எனல் பொருந்துமோ? அடிகள் படை திரட்டவில்லை, சூழ்ச்சி செய்யவில்லை. கடவுளுக்கு உரியதை அரசன் கேட்டபோது மாத்திரம் கொடுக்க மறுத்தார். ஏனையவற்றில் அரசருக்கு அமைந்தே நடந்தார். இதற்குக் கண்டி சான்று. 1692 இற் கண்டி நாடு புகுந்த அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டனர். சிறையையே அவர் ஆலயமாக்கினார், குற்றஞ்சாட்டியோரை நோகவில்லை. பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவருடைய தூய்மையை உணர்ந்து, தன் நாட்டில் உலாவ விடுதலை அளித்தான்.

1697 இற் கண்டியிலே வைசூரி பரவிற்று. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். பெற்றோர் பிள்ளைகளையும் பிள்ளைகள் பெற்றோரையும் கைவிட்டு ஓடினர். அடிகள் ஓடவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்று புண் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரைத் தம் கையாற் புதைத்தார். மதம் யாதென எவரையும் வினவவில்லை. திருவுளம் யாதென ஆராயவேண்டிய தேவை அப்போது அவருக்கு இருக்கவில்லை. அது வாயிலிலே நோயுற்றுக் கிடந்தது.

ஏறத்தாழ ஒன்பதாண்டு இத்தீவில் அவர் தனியொரு குருவாக உழைத்தார். பின்னர்க் கோவாவிலிருந்து துணைக்குருமார் வந்தனர். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றி இரு மொழிகளையும் வளம்படுத்தினார். பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பார் யோசேவ்வாஸ் அடிகளை மேற்றிராணியார் நிலைக்கு உயர்த்த விரும்பினார். அடிகள் இசைந்தாரல்லர். ஏவலைத் தட்டாதவர் ஏற்றத்தைத் தட்டினார்! மூன்றாவது இடரையும் அவர் இவ்வாறு கடந்தார்.

1711 சனவரி 16 ஆந் திகதி கண்டியிலே அடிகள் இறைபதம் எய்தினார். 1995 இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14 இல் புனிதராகவும் கொழும்பு நகரிலேயே பாப்பரசர்களால் அறிவிக்கப்பட்டார்.

கோயிலுக்குச் சென்று திருவுளம் ஆகுக என வேண்டுதல் எவர்க்கும் எளிது. அவ்வேண்டுதல் பலித்து, நாம் விரும்பாத ஊருக்கு நம்மை அனுப்பும்போது நம் முகம் எவ்வாறிருக்கும்? கன்னட நாட்டில் அமைதியாகப் பணிசெய்த அம்மூன்றாண்டுகளே, பின்னர் யாழ்ப்பாணத் தெருக்களிற் பிச்சையேற்கவும் கண்டியிற் புண் கழுவவும் அடிகளுக்கு வலிமை தந்தன என்பது எம் துணிபு. மாணவர்கள் இப்பெரியாரின் பெருஞ்செயல்களைப் படிப்பதோடு, அவர் காத்திருந்த காலத்தையுஞ் சேர்த்துப் படிப்பார்களாக.