தாஹா ஹுசைன்: இருளினூடே ஒரு சாதாரண வாழ்க்கை

உண்பதும் உடுப்பதும், படிப்பதும் தொழில் புரிவதும், மணம் முடித்துப் பிள்ளைகளை வளர்ப்பதும் பெரும்பாலானோருக்கு இயல்பாகவே கைகூடிவிடுகின்றன. அவற்றைச் சாதனையென எவரும் கருதுவதில்லை. ஆனால், உடற்குறையுடன் வாழும் ஒருவர் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே போராடிப் பெறவேண்டியுள்ளது. அவரைச் சூழவுள்ளோரில் ஒரு சாரார் அவருக்காக இரங்குகின்றனர். மற்றொரு சாரார் வியந்து பாராட்டுகின்றனர். தமக்குச் சமமாக அருகில் இடங்கொடுப்போர் சிலரே. நவீன அரபு இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைனின் வாழ்க்கையை இக்கோணத்திலிருந்து நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில், மகாகா நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் 1889ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் பிறந்தார். பிரித்தானியப் படைகள் எகிப்தைக் கைப்பற்றி ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்படைகளை எதிர்த்து நின்ற ஒராபி பாஷா அவ்வேளையில் எமது நாட்டிலே நாடு கடத்தப்பட்டவராக வாழ்ந்துகொண்டிருந்தார். தாஹாவின் தந்தை சீனித் தொழிற்றுறையில் சிறு பதவி வகித்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் தாஹா ஏழாமவர். குழந்தைப் பருவத்தில் அவருக்குக் கண்ணோய் ஏற்பட்டது. முதலில் சில நாட்கள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஊர் முடிதிருத்துபவர் வரவழைக்கப்பட்டார். அவர் செய்த வைத்தியத்துடன் குழந்தையின் பார்வை முற்றாகப் பறிபோனது. அவருடைய சின்னஞ்சிறு தங்கையும் வைத்தியர் எவருக்கும் காட்டப்படாமலே காய்ச்சலினால் இறந்தாள். மருத்துவக் கல்வியை நாடியிருந்த தமையனை 1902ஆம் ஆண்டின் வாந்திபேதி கொண்டுசென்றது. இவற்றை விதியின் செயலென மட்டும் ஏற்றுக்கொள்ளத் தாஹா பிற்காலத்தில் மறுத்தார். வறுமையும் அறியாமையும் கூட்டாகச் செய்த கொடுமையாகவே அவர் இவற்றைக் கண்டார்.

சிறு வயதில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அவர் தமது சுயசரிதையில் பதிவுசெய்துள்ளார். ஒருநாள் இரவு குடும்பத்தினருடன் அமர்ந்து உண்கையில், வழமைபோல் ஒரு கையால் உணவை எடுக்காமல், இரு கைகளாலும் எடுத்தால் என்னவென்று அவருக்குத் தோன்றியது. அவ்வாறே செய்தார். உடன்பிறந்தோர் சிரித்தனர், தாய் அழுதார், தந்தை துயரம் தோய்ந்த குரலில் உண்ணும் முறையை எடுத்துக் கூறினார். அன்றிரவு அவர் உறங்கியது எவ்வாறென்பது அவருக்கே தெரியவில்லை. அன்று தொட்டு, கரண்டியால் உண்ணவேண்டிய உணவுகளை அவர் தவிர்த்தார். பிறர் பார்க்க உண்பதற்கே கூசினார். சிரிப்பை அவரால் ஒருவாறு மறக்க முடிந்திருக்கலாம். தாயின் கண்ணீரையும் தந்தையின் துயரத்தையும் மறக்க இயலவில்லை. பரிதாபம் எத்துணை ஆழமாகக் காயப்படுத்தும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

ஒன்பது வயதை எட்டுமுன்னரே ஊர் ஓதற்பள்ளியில் அல்குர்ஆனை மனனஞ் செய்து முடித்தார். பார்வையற்ற பிள்ளைக்கு அக்காலச் சமூகம் ஒதுக்கியிருந்த பாதையும் அதுவே. வீடுகளிலும் வைபவங்களிலும் ஓதிப் பிழைக்கலாம், அதற்கப்பால் எதிர்பார்க்கலாகாது. அவரோ 1902ஆம் ஆண்டில் தமையனுடன் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். அங்கு பாடவேளைகள் தவிர்ந்த பொழுதெல்லாம் தனிமையே துணையாயிற்று. தமையன் நண்பர்களைத் தேடிச் சென்றுவிட, வாடகை அறையின் மூலையில், சுவர் வெடிப்புகளில் ஊரும் பூச்சிகளின் ஓசையைக் கேட்டபடி அச்சத்துடன் அமர்ந்திருப்பார். தம்மால் பிறருக்குச் சுமை நேரலாகாது என்பதால் அதனை வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

1908ஆம் ஆண்டில் கெய்ரோவில் புதிதாகத் திறக்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகம் அவருக்குப் புதிய வாசலாயிற்று. அங்கு 1914ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதலாவது கலாநிதிப் பட்டம் அதுவேயாகும். ஆய்வுக்கு அவர் தெரிவுசெய்தவர், பதினொராம் நூற்றாண்டுச் சிரியக் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி. அவரும் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்; தனித்திருந்தே உண்டவர். எனினும், உலகத்திலிருந்து விலகி வீட்டினுள் அடைபட்டு வாழ்ந்த மஅர்ரியின் வழியைத் தாஹா பின்பற்றவில்லை.

பிரான்ஸ் சென்று கற்க அவர் விடுத்த வேண்டுகோள் முதலில் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. 1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உலகப் போர் மூண்டிருந்த வேளையில், மொன்பெலியே நகரை அடைந்தார். பார்வையற்றோருக்கான பிரெயில் எழுத்தை அங்கு கற்றபோதிலும், கேட்டே படித்துப் பழகிய அவருக்கு விரல்வழி வாசிப்பு வேகம் போதவில்லை. வாசித்துக்காட்ட ஒருவர் தேவைப்பட்டார். 1915ஆம் ஆண்டில் அப்பணிக்கு வந்தவரே சூசான் என்ற பிரெஞ்சு யுவதி. பணநெருக்கடியால் சிறிது காலம் நாடு திரும்பிய தாஹா, மீண்டும் பாரிஸ் சென்று சோர்போனில் கற்றபோது, இலத்தீன் பாடங்களுக்கும் வரலாற்று நூல்களுக்கும் சூசானின் குரலே அவருக்குக் கண்ணாயிற்று. மதமும் மொழியும் நாடும் வேறான இவ்விருவரும் 1917ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மணம் புரிந்தனர். இப்னு கல்தூனின் சமூகச் சிந்தனை பற்றிய அவருடைய ஆய்வு பிரான்ஸிலும் அவருக்குக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது.

1919ஆம் ஆண்டில் நாடு திரும்பி விரிவுரையாளரானார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். பகலில் விரிவுரை, மாலையில் வாசித்துக்காட்டக் கேட்டல், பின்னர் சொல்லி எழுதுவித்தல் என நாட்கள் கழிந்தன. 'நாட்கள்' எனப் பொருள்படும் 'அல்-அய்யாம்' என்ற சுயசரிதையும் அவ்வாறு சொல்லி எழுதுவித்ததே. அதில் அவர் தம்மை 'நான்' என்று குறிப்பிடாது, யாரோ ஒரு சிறுவனைப் பற்றிக் கூறுவதுபோலவே கூறிச் செல்கின்றார். வாசகரின் இரக்கத்தை அவர் வேண்டவில்லை என்பதற்கு இதுவும் ஓர் அடையாளமென நாம் கொள்ளலாம்.

சர்ச்சைகளிலிருந்தும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தின் அரபுக் கவிதைகளிற் பெரும்பகுதி பிற்காலத்தில் புனையப்பட்டதென 1926ஆம் ஆண்டில் வெளியான அவரது நூல் வாதிட்டது. அந்நூலிற் சில பகுதிகள் மார்க்க நம்பிக்கையைப் புண்படுத்துவதாக உலமாக்கள் கடுமையாக எதிர்த்தனர். சட்ட விசாரணை வழக்கின்றி முடிவுற்றது. சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்கி, பெயரையும் மாற்றி அவர் நூலை மீள வெளியிட்டார். அவருடைய முடிவுகளை இன்றும் ஏற்காதோர் பலருளர். அவர்கள் மறுத்தது ஓர் அறிஞரின் வாதத்தையே என்பது கவனிக்கத்தக்கது. கலைப்பீடாதிபதியாக இருந்த வேளையில், அரசியல்வாதிகளுக்குக் கௌரவப் பட்டம் வழங்க மறுத்தமையால் 1932ஆம் ஆண்டில் பதவி இழந்தார். எழுதிப் பிழைத்தார்; பின்னர் அதே பீடத்திற்கு மீண்டும் தலைவரானார். 1942ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் அமைக்கப்பட்ட புதிய பல்கலைக்கழகத்தின் முதல் தலைமைப் பொறுப்பும் அவரையே சார்ந்தது.

1950ஆம் ஆண்டில் அவர் கல்வி அமைச்சரானார். கல்வியானது நீரையும் காற்றையும் போல எல்லோருக்கும் கிடைக்கவேண்டியது என்பது அவரது கொள்கை. இடைநிலை, தொழினுட்பப் பாடசாலைகளில் கட்டணத்தை ஒழித்து அதனைச் செயலில் காட்டினார். 1952ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வரசு நீக்கப்படும் வரையிலான இரண்டு ஆண்டுகளே அவருக்குக் கிடைத்த அவகாசம். கிராமத்து அறியாமைக்குத் தம் கண்களைப் பறிகொடுத்தவர், அதே கிராமங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலையைத் திறந்துவிட்டார். 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, தமது 83ஆவது வயதில் அவர் கெய்ரோவில் காலமானார்.

மனவுறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்பதற்கு உதாரணமாகவே இத்தகையோரின் வாழ்க்கை வழக்கமாக எடுத்துக்காட்டப்படுகின்றது. அது பாதி உண்மையே. தாஹாவிடம் மனவுறுதி இருந்தது. அதனுடன், கட்டணத்தையோ கண்ணையோ காரணங்காட்டி வாசலை அடைத்துவிடாத ஒரு பல்கலைக்கழகமும், அலுப்பின்றி வாசித்துக்காட்டிய ஒரு குரலும் அவருக்குக் கிடைத்தன. அவற்றுள் ஒன்றேனும் இல்லாதிருப்பின், அவர் ஏதோவொரு சிற்றூரில் ஓதிப் பிழைத்து மறைந்திருப்பார். அவரைப்போல ஆற்றலிருந்தும், வாசல் திறக்காமையால் பெயர் தெரியாது மறைந்தோர் எத்தனை பேரோ? எமது பாடசாலைகளும் அலுவலகங்களும் வீடுகளும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இதுவாகும். குறைபாடுடைய ஒருவரைக் கண்டு கண்ணீர் சிந்துவதும் கைதட்டுவதும் எமக்கு எளிது. பந்தியில் எம்முடன் சமமாக அமர்ந்து, கூச்சமின்றி உண்ண அவருக்கு இடமளிப்பதே நாம் செய்யவேண்டிய பணி.