தலைமைச் சுரப்பிக்கும் ஒரு தலைமை

தைராய்டு குறைபாட்டுக்காக நாள்தோறும் காலையில் மாத்திரை உட்கொள்பவன் நான். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டிஎஸ்எச் அளவைப் பார்க்கும்போதெல்லாம் ஜெஃப்ரி ஹாரிஸ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் நினைவுக்கு வருவார். டிஎஸ்எச் என்பது தைராய்டுக்கு பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஆணை. அந்த பிட்யூட்டரிக்கு ஆணையிடுவது யார் என்ற கேள்விக்கு வாழ்நாளைத் தந்தவர் ஹாரிஸ்.

1913-இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர் அவர். பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரியை அக்காலத்தில் தலைமைச் சுரப்பி என்றே அழைத்தனர். அச்சமும் வெளிச்சமும் பருவ மாற்றமும் அதன் சுரப்பை மாற்றுவதும் தெரிந்திருந்தது. ஆனால், அதன் முன்பகுதிக்கு மூளையிலிருந்து போதிய நரம்புத் தொடர்பு காணப்படவில்லை. மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் வேதிப்பொருள்களைச் சுரந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது என்றார் ஹாரிஸ்.

எலிகளின் பிட்யூட்டரியை அகற்றி, ஹைபோதலாமஸுக்கு அடியில் வேறு பிட்யூட்டரியைப் பொருத்தியபோது அது மீண்டும் இயங்கியது. மூளையின் வேறிடத்தில் பொருத்தியபோது இயங்கவில்லை. எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. ஃபெரட் என்னும் சிறு விலங்கில் அக்குழாய்களைத் துண்டித்த பின்னும் ஒளிக்கேற்ப இனச்சேர்க்கைப் பருவம் வந்ததாகச் செல்வாக்கு மிக்க அறிவியலாளர் சோலி சுக்கர்மன் வாதிட்டார். ஹாரிஸ் சொற்போரில் இறங்காமல், சக ஆய்வாளருடன் அச்சோதனையை மீண்டும் செய்தார். குழாய்கள் திரும்ப வளர்ந்து இணைந்த விலங்குகளுக்கே பருவம் வந்தது. இணையாமல் தடுக்கப்பட்டவற்றுக்கு வரவில்லை.

1955-இல் தம் முடிவுகளை நூலாக்கினார். அந்த வேதிப்பொருள்களைப் பிரித்தெடுக்கும் முயற்சி மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. லட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகளின் ஹைபோதலாமஸ் திசுக்களைக் கொண்டு கில்லெமினும் ஷாலியும் 1969-இல் முதற்பொருளின் அமைப்பைக் கண்டறிந்தனர். அவ்விருவருக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த ஹாரிஸ் 1971-இலேயே, 58 வயதில் மறைந்துவிட்டார். மறைந்தவர்களுக்கு அப்பரிசு இல்லை.

குழந்தையின்மைக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இன்று தரப்படும் சில மருந்துகள், ஹைபோதலாமஸ் சுரக்கும் பொருளை ஒத்து உருவாக்கப்பட்டவை. எலியின் மூளையில் ரத்தக் குழாய்களைத் தேடியபோது இப்பயன்களை ஹாரிஸ் அறிந்திருக்க வழியில்லை.

பொருளாதாரம் கற்பித்த நான், ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழுக்களில் அமர்ந்து, மூன்றாண்டுகளில் இதனால் என்ன பயன் என்று இளம் ஆய்வாளர்களைக் கேட்டிருக்கிறேன். விடை சொல்லத் தெரியாமல் திரும்பிச் சென்றவர்களின் முகங்கள் இப்போது நினைவுக்கு வருகின்றன. அவர்களுள் ஒரு ஹாரிஸ் இருந்திருக்கலாம்.