பாட்டனுக்குப் பாட்டன் தேடிய சாபம்

அமெரிக்காவில் மாஸசூசெட்ஸ் ராஜ்யத்திலே சேலம் என்று ஒரு துறைமுகப் பட்டினம் உண்டு. நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு சம்பந்தமில்லை. 1692-ம் ஆண்டில் அந்த வட்டாரத்தைச் சூனியப் பீதி பிடித்து ஆட்டியது. இளம் பெண்கள் சிலர் வலிப்புக் கண்டவர்கள்போல் துடித்து, இன்னார் சூனியம் வைத்தார் என்று அலறினார்கள். அதையே சாட்சியமாக ஏற்றுக்கொண்டது நியாயஸ்தலம். 19 பேர் தூக்கிலே மாண்டார்கள். ஒரு கிழவர் பாறாங்கற்களை மேலே ஏற்றிக் கொல்லப்பட்டார்.

அந்த நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதார்ன். அவருடைய பேரனுக்குப் பேரன்தான் நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன்.

நதானியேல் பிறந்தது 1804-ல். கப்பல் தலைவரான தகப்பனார் 1808-ல் அயல்நாட்டிலே ஜுரம் கண்டு இறந்தார். கல்லூரிப் படிப்பை முடித்த நதானியேல் சுமார் 12 ஆண்டுகள் சேலத்து வீட்டின் மாடி அறையில் அடைந்து கிடந்து, படிப்பதும் எழுதுவதுமாக இருந்தார். வாலிப வயதிலேயே தம் குடும்பப் பெயரில் டபிள்யூ என்ற எழுத்தைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார். நீதிபதியின் நிழல் தம்மீது விழக் கூடாதென்றே அப்படிச் செய்தார் என்பது பலருடைய நம்பிக்கை.

பெயரை மாற்றினால் பழி போய்விடுமா? தண்டிக்கப்பட்டவர் இட்ட சாபம் ஒன்று தங்கள் வம்சத்தைத் தொடர்கிறது என்று குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது.

1849-ல் அரசாங்கம் மாறவே, சேலம் சுங்கச் சாவடியில் அவர் பார்த்த உத்தியோகம் பறிபோயிற்று. அதே கோடையில் தாயாரும் காலமானார். துக்கத்துக்கிடையே எழுதிய 'ஸ்கார்லெட் லெட்டர்' 1850-ல் வெளிவந்து பெரும் புகழ் தந்தது. அதன் முன்னுரையில், முன்னோர் செய்த கொடுமைக்கான அவமானத்தைத் தாமே ஏற்பதாகவும், சாபம் ஏதேனும் இருந்தால் அது நீங்கட்டும் என்றும் பகிரங்கமாக எழுதினார்.

மறு ஆண்டே வந்தது 'ஏழு முகட்டு வீடு' என்ற நாவல். பிரபு ஒருவன் ஓர் ஏழையின் நிலத்துக்கு ஆசைப்படுகிறான். சூனியக் குற்றம் சாட்டப்பட்டு அந்த ஏழை தூக்கிலேறுகிறான்; சாபமிட்டுச் சாகிறான். அந்த நிலத்திலே பிரபு மாளிகை கட்டுகிறான். கிருகப்பிரவேசத்தன்றே நாற்காலியில் பிணமாகக் காணப்படுகிறான். தலைமுறைகள் கடந்தும் அதே விதமான சாவு அந்த வம்சத்தில் விழுகிறது. சாபமா, பரம்பரை நோயா? ஆசிரியர் இரண்டு கதவுகளையும் திறந்தே வைக்கிறார்.

அந்த வீட்டிலே குடியிருக்கிறான் போட்டோ பிடிக்கும் இளைஞன் ஒருவன். போட்டோக் கலை உலகுக்கு அறிமுகமாகி அப்போது 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. மெஸ்மரிஸம் என்ற வசிய வித்தையும் புது விஞ்ஞானம் என்ற பெயரில் ஊரூராகப் பரவியிருந்தது. இளைஞன் யார்? தூக்கிலிடப்பட்டவனின் வம்சத்தவன்! பிறர் மனத்தைக் கட்டும் சக்தி அவனுக்குப் பிதுரார்ஜிதம். பகையாளி வீட்டுப் பெண் ஒருநாள் அவன் எதிரிலே மயங்கத் தொடங்குகிறாள். இன்னும் ஒரு கையசைவு போதும். அவள் மனம் அவனுக்கு அடிமை. ஆனால் அவன் கையை மடக்கிக்கொள்கிறான். முடிவில் அவளையே மணக்கிறான்; இரு வம்சத்தின் பகையும் தீர்கிறது.

இந்தக் கட்டம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. 1841-ல், அவர் மணக்கவிருந்த ஸோபியா தீராத தலைவலிக்கு மெஸ்மரிஸ சிகிச்சை செய்துகொள்ள எண்ணினார். அது வேண்டவே வேண்டாம் என்று ஹாதார்ன் மன்றாடிக் கடிதம் எழுதினார். ஒருவர் ஆத்மாவுக்குள் மற்றவர் புகுவது அவருக்குப் பெரும் அபசாரமாகப் பட்டது. நீதிபதி ஹாதார்ன் அன்று செய்ததும் அதுதானே? பிறர் நெஞ்சுக்குள் பிசாசைத் தேடினார், உயிர்கள் பலியாயின.

கல்லூரித் தோழர் பியர்ஸ் ஜனாதிபதியானதும், 1853-ல் ஹாதார்ன் லிவர்பூலுக்கு அமெரிக்கக் கான்ஸலாகச் சென்றார். திரும்பியபின் சாகாமருந்தைப் பற்றி எழுதத் தொடங்கிய கதைகள் அரைகுறையாகவே நின்றன. 1864 மே மாதத்தில், அதே தோழருடன் யாத்திரை போன இடத்தில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 59.

நாவலுக்கு மாதிரியாகக் கருதப்படும் மாளிகை 1910 முதல் சேலத்திலே காட்சிசாலையாக இருந்து வருகிறது. முன்னோர் தேடி வைத்த சொத்துக்கு வாரிசு உண்டென்றால், அவர்கள் செய்த பாவத்துக்கும் வாரிசு உண்டு. பாவத்தை ஒப்புக்கொண்டு, கைக்கு எட்டிய சக்தியையும் வேண்டாமென்று விடுகிற வாரிசிடத்திலேதான் சாபம் முடிகிறது.