டெண்ட் கொட்டகையில் தொழில் கற்ற மாயாஜால மன்னர் விட்டலாச்சார்யா

அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே வைத்து எரித்துச் சமைக்கும் மோகினிப் பிசாசை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலமும், பின்னர் லயத்து வீடுகளுக்கு வீடியோ கேசட் வந்த காலமும் நினைவிருக்கும் கேமரன் மலை மூத்தவர்களுக்கு, மாயாஜாலப் படம் என்றாலே ‘ஜெகன்மோகினி’ நினைவுக்கு வரும். படத்தின் பெயர் தெரிந்த பலருக்கு அதை எடுத்தவரின் கதை தெரியாது.

பி.விட்டலாச்சார்யா 1920-ல் கர்நாடகத்தின் உடுப்பி அருகே உத்யாவரத்தில் பிறந்தார். தந்தை ஆயுர்வேத வைத்தியர். மகன் படித்ததோ மூன்றாம் வகுப்பு வரைதான். சிறு வயதில் அவர் மனத்தை இழுத்தது யட்சகானக் கூத்து. இரவெல்லாம் அரக்கரும் தேவரும் வண்ண வேடத்தில் ஆடும் அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர் பிற்காலத்தில் எடுத்த படங்களில் பூதமும் மந்திரவாதியும் நிறைந்திருந்ததில் வியப்பில்லை.

வீட்டை விட்டு அரசிக்கரைக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்தார். பிறகு உறவினரிடமிருந்து ஓர் உடுப்பி ஓட்டலை வாங்கி நடத்தினார். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் கைதானார். விடுதலையானதும் ஓட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, சங்கர் சிங் முதலான நண்பர்களுடன் சேர்ந்து டூரிங் டாக்கீஸ் தொடங்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓட்டலை விட்டு ஊர் ஊராகக் கூடாரம் தூக்கப் போவது அன்றைக்குத் துணிச்சலான முடிவுதான்.

அந்தக் கொட்டகைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஓடும் ஒவ்வொரு படத்தையும் பலமுறை பார்த்தார். மணல் தரையில் உட்கார்ந்திருப்பவர் எங்கே சிரிக்கிறார், எங்கே பயப்படுகிறார், எப்போது பீடி பற்றவைக்க எழுந்து போகிறார் என்பதையெல்லாம் டெண்ட் கொட்டகைக்காரரைவிட அறிந்தவர் யார்? ஒரு கொட்டகை நான்கானது.

அடுத்து மைசூரில் நண்பர்களுடன் மகாத்மா பிக்சர்ஸ் மூலம் கன்னடப் படங்கள் தயாரித்தார். 1953-ல் விட்டல் புரொடக்‌ஷன்ஸ் என்ற சொந்த நிறுவனம் பிறந்தது. தொடக்கத்தில் எடுத்தவற்றில் ‘கன்யாதானம்’ போன்ற சமூகப் படமும் உண்டு. சென்னைக்கு வந்து தெலுங்கில் ராஜா ராணிக் கதைகளைத் தொட்ட பிறகே அவருக்கான பாதை திறந்தது. ‘பந்திபோட்டு’, ‘அக்கி பிடுகு’, ‘மங்கம்மா சபதம்’ என்று என்.டி.ராமாராவும் அவர் படங்களில் தொடர்ந்து நடித்தார்.

கணினி வித்தை எதுவும் இல்லாத காலம் அது. மனிதன் கிளியாக வேண்டுமா? கேமராவை அசையாமல் நிறுத்துவார்கள். நடிகர் விலகிக்கொள்வார், அதே இடத்தில் கிளியை வைத்து மறுபடி ஓடவிடுவார்கள். ஒரே பிலிம் சுருளில் இரண்டு முறை படம் பதிவு செய்தால், உடம்புக்குள் சுவர் தெரியும் ஆவி கிடைத்துவிடும். இதைச் சொல்வது எளிது. கேமரா மயிரிழை நகர்ந்தாலும் திரையில் காட்சி துள்ளிவிடும், எடுத்த பிலிமும் வீண். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டுதான் படப்பிடிப்புக்கு வருவார்.

செலவிலும் அப்படித்தான். ஒரு படத்தின் செட்டும் உடையும் அடுத்த படத்திலும் தலைகாட்டும். சம்பளம் உயர்த்திக் கேட்டு முரண்டு பிடித்த நடிகரை, கதையில் முனிவர் சாபத்தால் மிருகமாக்கி, மீதிப் படத்தை அவர் இல்லாமலேயே முடித்துவிட்டார் என்று கோடம்பாக்கத்தில் ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, அவர் குணத்துக்குப் பொருந்தும் கதை.

அவருடைய எல்லாப் படமும் உயர்வானவை என்று சொல்ல முடியாது. ஒரே கதை வேறு கிரீடத்துடன் திரும்ப வந்தது. கவர்ச்சி நடனமும் தாராளம். விமர்சகர்கள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் 1978-ல் ஜெயமாலினி, நரசிம்மராஜு நடித்த ‘ஜெகன்மோகினி’ தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தபோது, சிறு ஊர்க் கொட்டகைகளில் கூட்டம் அலைமோதியது. ஏமாற்றப்பட்ட பெண் பேயாகத் திரும்பி வந்து கணக்குக் கேட்கும் கதையைப் புரிந்துகொள்ள யாருக்கும் மொழியோ படிப்போ தேவைப்படவில்லை.

சுமார் 70 படங்களுக்கு மேல் அவர் கைவண்ணத்தில் வந்தன. 1999 மே 28-ல் தம் 79-வது வயதில் காலமானார். பத்தாண்டு கழித்து, 2009-ல், நமீதா நடிப்பில் ‘ஜெகன்மோகினி’ மீண்டும் தமிழில் எடுக்கப்பட்டது. இம்முறை மோகினிக்கு உயிர் கொடுக்கக் கணினி துணைக்கு வந்தது.