றொபேட் நொக்ஸ் நடந்த வழிகள்

ஒற்றையடிப் பாதை நம்மவர்க்குப் புதியதன்று. லயத்திலிருந்து கோயிலுக்கும், பாடசாலைக்கும், புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவுக்கும் இறப்பர் மரங்களினூடே இறங்கி வரும் பாதைகளை இச்சஞ்சிகையைப் படிப்போருட் பலர் கண்ணை மூடிக்கொண்டே நடந்துவிடுவர். மலைநாட்டின் இத்தகைய பாதைகளிலே தம் இளமை முழுவதையும் கழித்து, அவை எங்கெங்கே செல்கின்றன என்பதை அறிந்தமையாலேயே விடுதலை பெற்றவர் ஓர் ஆங்கிலேயர். றொபேட் நொக்ஸ் என்னும் அவர் பெயரைச் சரித்திர பாடத்திற் கேளாத மாணவர் இலர். அவர் எழுதிய நூலைப் பற்றி அறிந்த அளவுக்கு அவர் நடந்த நடையைப் பற்றி நாம் அறிந்திலோம்.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே பிறந்தவர். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பணியில் 'ஆன்' என்னும் கப்பலுக்குத் தலைவராயிருந்தார். மகனும் அக்கப்பலிற் சென்றார். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத் துறையில் வீசிய பெரும் புயலிலே கப்பலின் பெருமரத்தை வெட்டிவிட நேர்ந்தது. புதுமரம் நாட்டும் பொருட்டுத் திருக்கோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டனர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் நட்புக் காட்டி அவர்களைக் கரைக்கு அழைத்தனர். மூதூரருகே புளியமரமொன்றின் கீழ் அமர்ந்திருந்த கப்பற்றலைவரைச் சிறைப்பிடித்தனர். 1660ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இவ்வாறு அகப்பட்டோர் தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேர்.

அரசன் அவர்களைச் சங்கிலியிற் பூட்டவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்துக் குடியேற்றினான். ஊரார் அவர்களுக்கு உணவளித்தல் வேண்டும் என்பது கட்டளை. மலைகளே மதில்களாகவும் காடே அகழியாகவும் அமைந்த நாட்டிலே வேறு சிறை எதற்கு என்று அவன் எண்ணினான் போலும். தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விடப்பட்டனர். அங்கே இருவரையும் குளிர்சுரம் பற்றியது. 1661ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தந்தையார் காலமானார். பிணத்தைக் காட்டுக்கு எடுத்துச் செல்ல உதவுமாறு ஊராரிடம் வேண்டியபோது, கழுத்திற் கட்டி இழுத்துச் செல்லக் கயிறு ஒன்றே கிடைத்தது. இருபது வயதே நிரம்பிய மகன், தானும் நோயினால் மெலிந்திருந்தும், தம்முடன் இருந்த கறுப்பினச் சிறுவனின் துணைகொண்டு குழி தோண்டித் தந்தையை அடக்கஞ் செய்தார். ஊரார் கொடியவர் அல்லர். அந்நியன் பிணத்தைத் தொட அவர்தம் சாதியாசாரம் இடந்தரவில்லை. இதனைச் சொல்ல நாம் வெட்கமுறல் வேண்டுமே யன்றி வியப்புறல் வேண்டியதில்லை.

அக்காலத்தில் முதியவர் ஒருவர் தம்மிடமிருந்த ஆங்கில விவிலிய நூலொன்றை நொக்ஸிடம் விற்க வந்தார். தாம் பின்னிய தொப்பியொன்றை விலையாகக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றார். அத்தொப்பியே அவருக்குப் பிழைக்கும் வழியையும் காட்டியது. தொப்பி பின்னி விற்றார். கோழியும் பன்றியும் வளர்த்தார். கையிற் சேர்ந்த நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். நூற்றுக்கு ஐம்பது வட்டி! வணிகர் குலத்து மைந்தர் என்பதை அவர் ஒருபோதும் மறந்தவரல்லர்.

அதன்பின் நொக்ஸ் நான்கு கோறளைக்கு, அஃதாவது இன்றைய கேகாலை மாவட்டத்திற்கு, மாற்றப்பட்டார். நம் அயலிலேயே அவர் வாழ்ந்தார் என்பதைப் பலர் அறியார். அப்போது ஒல்லாந்தர் அரந்தர என்னுமிடம் வரை ஏறிவந்து கோட்டை கட்டினர். ஒல்லாந்தருக்கும் நொக்ஸுக்கும் இடையில் ஒரு மலைத்தொடர் மட்டுமே இருந்தது. ஆனால் ஒவ்வொரு கணவாயிலும் காவல். இவர்கள் தப்பியோடி விடுவர் என்றஞ்சிய அரசன், அக்கோறளையிலிருந்த நான்கு ஆங்கிலேயரையும் உள்நாட்டு மலைக்கு வரவழைத்தான். லெகுந்தெனிய என்னும் வறண்ட மலையுச்சியில் மூன்றாண்டு கழித்தபின், எலதெத்த என்னும் ஊரிலே இருபத்தைந்து இலாரின் நாணயங்களுக்கு நிலம் வாங்கி நொக்ஸ் குடியமர்ந்தார்.

மலைநாட்டுப் பாதைகளைப் பற்றி அவர் கூறுவன நமக்குச் சுவையானவை. அகன்ற வீதி அமைத்தாற் பகைவர் படை எளிதில் ஏறும் என்றெண்ணி அரசன் வழிகளை ஒருவர் செல்லும் அகலத்திற்கு மேல் விரிய விடவில்லை. மக்கள் ஒருவர் பின் ஒருவராகவே நடப்பர். முன்செல்பவர் தலையைத் திருப்பாமலே பேசுவார், பின்வருவோர் கேட்டு வருவர். கணவாய்களில் முள்ளாற் பின்னிய கடவைகள் உண்டு. அவற்றைக் கடப்போர் களிமண்ணில் இட்ட முத்திரையைக் காட்டல் வேண்டும். படைவீரனுக்கு ஓர் உருவம், சுமை தூக்குவோனுக்கு வேறோர் உருவம். மழைக்கும் வெயிலுக்கும் தாளிப்பனையோலை ஒன்றே குடையும் கூடாரமுமாகும். காட்டட்டைகளுக்கு எலுமிச்சஞ்சாறும் உப்பும் மருந்து. மருந்து நம் பக்கத்தில் இன்னும் மாறவில்லை, அட்டையும் மாறவில்லை.

இப்பாதைகளை அறிய நொக்ஸ் கண்ட உபாயம் தலைச்சுமை வாணிகம். தோழர் ஸ்டீபன் ரட்லண்ட் என்பவருடன் மிளகு, உள்ளி, புகையிலை, சீப்பு, இரும்புச் சாமான் முதலியன சுமந்து வடக்கேயுள்ள தாழ்நாட்டு ஊர்களிலே விற்று வருவார். வாங்கும் பொருளை விட வழி பற்றிக் கேட்டறிந்த செய்தியே அவருக்கு ஆதாயம். பலமுறை முயன்றனர், நோய் தடுத்தது, மழை பொய்த்துக் குளங்கள் வற்றியமை தடுத்தது. ஆயினும் ஆண்டுதோறும் அவ்வழியிற் கண்ட முகங்களாகையால் எவரும் ஐயுறவில்லை.

1679ஆம் ஆண்டு செப்தெம்பர் 22ஆம் நாள் இருவரும் எலதெத்தையை விட்டுப் புறப்பட்டனர். கலுவில என்னும் ஊரிலே தலைவனிடம் மான் வற்றல் கொள்ள வந்ததாகக் கூறினர். அவ்வேளை அரண்மனையிலிருந்து வீரர் சிலர் காவலை இறுக்கும் கட்டளையுடன் வரவே, அச்சத்தை வெளிக்காட்டாது பேசியிருந்து அகன்றனர். அநுராதபுரத்திலே தமிழரைக் கண்டனர். சிங்களத்தை நன்கு கற்றிருந்த நொக்ஸுக்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்து வழியில் காவல் உண்டென அறிந்து, வந்த வழியே திரும்புவார் போல் நடந்து, மல்வத்து ஓயாவை அடைந்து, அதன் கரையோடு காட்டினுட் புகுந்தனர். பாழடைந்த கற்றூண்களுக்கிடையே நடந்தனர். யானைகள் நெருங்கிய இரவுகளில் தீ மூட்டி அதனருகே துயின்றனர். வன்னியர் நாட்டு மக்கள் கண்ணிற் பட்டால், இராசசிங்கனுக்கு அஞ்சித் தம்மைத் திருப்பியனுப்பி விடுவர் என்று ஒளிந்தே சென்றனர். அருவியாறு என நாம் அழைக்கும் அவ்வாறே அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. ஒக்டோபர் 18ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். பத்தொன்பது ஆண்டும் ஆறு மாதமும் நீடித்த சிறைவாழ்வு முடிந்தது.

அரிப்பு என்னும் பெயரைக் கேட்டவுடன் தோட்டத் தமிழர் நெஞ்சிலே வேறொரு நடை தோன்றுதல் இயல்பு. நொக்ஸ் வெளியேறி ஒன்றரை நூற்றாண்டு கடந்தபின், கோப்பித் தோட்டங்களுக்கென நம் முன்னோர் தோணிகளில் வந்திறங்கியது மன்னார், அரிப்பு முதலிய அக்கரைகளிலேதான். அவர்கள் எதிர்த்திசையில் நடந்தனர். அதே வறண்ட காடு, அதே குளத்து நீர், அதே சுரம். மாத்தளையை எட்டுமுன் வழியிலே மாண்டோர் பலர். நெடுங்காலம் அந்நடை நின்றபாடில்லை. நொக்ஸின் தந்தையார் இறந்த ஊர் அவருடைய நூலிலே பதிந்துள்ளது. நம்மவர் வீழ்ந்த இடங்களுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை.

நொக்ஸ் பத்தாவியா வழியாக 1680இல் இலண்டன் சேர்ந்தார். கப்பலிலே எழுதத் தொடங்கிய நூல், அறிஞர் றொபேட் ஹூக்கின் முன்னுரையோடு 1681இல் வெளிவந்தது. ஒல்லாந்து, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. டீபோ 1719இல் எழுதிய றொபின்சன் குரூசோ கதைக்கும் அது கருத்தளித்தது என்பர். மக்களின் உழவு, உணவு, வழக்கு அனைத்தையும் வெறுப்பின்றி எழுதியது அந்நூலின் சிறப்பு.

ஆனால் அவருடைய பிற்காலம் நம்மை மலைக்க வைக்கின்றது. 'தொங்கின் மேர்ச்சன்ட்' என்னும் கப்பலின் தலைவராகி, மடகஸ்கார்த் தீவுக்குச் சென்று அடிமைகளை வாங்கிச் செயின்ற் ஹெலினாத் தீவிற் சேர்க்கும் தொழிலையும் மேற்கொண்டார். பத்தொன்பது ஆண்டு பிறர் நாட்டிலே தடுத்து வைக்கப்பட்ட துன்பத்தை அறிந்தவர், அதனைப் பிறர்க்குச் செய்யப் பின்வாங்கவில்லை. அக்காலத்தோர் அதனைக் குற்றமாகக் கருதவில்லை என்று சமாதானம் கூறுவோர் உளர். அச்சமாதானம் எனக்கு உடன்பாடன்று. தொப்பி பின்னிய கையையும் அடிமைக்கு விலை பேசிய கையையும் மாணவர் ஒருங்கே காண்டல் நன்று.

அவர் மணஞ்செய்து கொள்ளவில்லை. எலதெத்தையில் தாம் விட்டுவந்த நிலத்தை, உடன்சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவரின் மகளாகிய லூசியா என்னும் சிறுமிக்கு உரிமையாக்கினார். முதுமையில் தம் நூலின் படியொன்றிலே புதிய குறிப்புகளை ஓயாது எழுதிச் சேர்த்து வந்தார். 1720ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமாகி, விம்பிள்டன் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.