பென்சகோலாவை வென்ற ஆளுநர்

அமெரிக்க சுதந்திரப் போர் என்றதும் ஜோர்ஜ் வொஷிங்டனே நினைவுக்கு வருவார். ஸ்பெயினின் லூசியானா ஆளுநராக 1777இல் பொறுப்பேற்ற பெர்னார்டோ டி கால்வெஸை நினைப்போர் சிலரே. பிரித்தானியாவுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்த அமெரிக்கர்களுக்கு நியூ ஓர்லியன்ஸ் வழியாகப் பொருட்கள் சென்றடைய உதவியவர் அவர்.

1779இல் ஸ்பெயின் போரில் இறங்கியதும் பேட்டன் ரூஜ் நகரையும் மறுவருடம் மொபீல் நகரையும் கைப்பற்றினார். 1781 மார்ச்சில் பென்சகோலா விரிகுடாவினுள் நுழைவதற்குக் கடற்படைத் தளபதி தயங்கி நின்றார். கோட்டைப் பீரங்கிகள் முழங்க, கால்வெஸ் தமது சிறு கப்பலில் தாமே முன்சென்றார். மறுநாள் ஏனைய கப்பல்களும் பின்தொடர்ந்தன. மே மாதம் நகர் வீழ்ந்தது.

இதனை விடுதலை வேட்கை என்று கொள்வதற்கில்லை. அவரது மன்னரும் குடியேற்ற நாடுகளை ஆண்டவரே. 1763இல் பிரித்தானியாவிடம் இழந்த புளோரிடாவை மீட்பதே ஸ்பெயினின் நோக்கமாயிருந்தது.

மெக்சிக்கோவில் அரசப் பிரதிநிதியாகப் பதவி வகிக்கையில், 1786இல் தமது 40ஆவது வயதில் காலமானார். அமெரிக்கா அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது 2014இலேயே.